சுவைத்துப் பாராத நகைச்சுவை

“அரசே, யாரும் சுவைத்துப் பார்க்காத ஒரு நகைச்சுவையை, ஊர் கூடியிருக்கும் சபையில், நேராக உங்கள் முன்னால் சொல்ல எனக்கு அனுமதி வேண்டும்.”

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், பேச்சி என்ற விகடகவி தன் அரசரிடம் இப்படிக் கேட்டாள். பொன் கேள், பட்டு கேள், பல்லக்குகூடக் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அரண்மனையில் எத்தனையோ பேர் அவளிடம் சொல்லியிருந்தார்கள். கேட்டுவிட்டாள்.

ஏன் கேட்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த அரசருக்கு விஷம் என்றால் பயம். சோறு, குழம்பு, பால், வெற்றிலை எதுவானாலும் இன்னொருவர் தின்று பார்த்து, அவர் சாகவில்லை என்று தெரிந்த பிறகுதான் அரசர் வாயில் வைப்பார். ‘சுவை எதுவாயினும் சோதித்த பின்பே மன்னர்க்கு’ என்பது அரண்மனை விதி. இது சோற்றோடு நின்றிருந்தால் யாருக்கும் நட்டமில்லை.

பேச்சி வந்த புதிதில் சபை அவள் பேச்சுக்கு விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டு பேருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒருவர் மந்திரி பராங்குசர். அவர் தாத்தாவும் மந்திரி, அப்பாவும் மந்திரி. இன்னொருவர் ஆஸ்தானப் புலவர் செஞ்சொற்கொண்டல். அவர் வெண்பா பாடினால் சபையில் பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் தூங்குகிறவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். பேச்சியோ கீழமடை என்ற ஊர்க்காரி. அவள் வம்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் அவள்தான். அவள் வந்து ஒரே மாதத்தில் அரசர் பக்கத்தில் ஆசனம் வாங்கினால் பெரிய மனிதர்களுக்கு எரியுமா எரியாதா?

புலவர் ஒருநாள் எழுந்தார்.

“மன்னா, அறுசுவையையும் சோதித்து உண்கிறீர்கள். ஆனால் ஒரு சுவையை மட்டும் சோதிக்காமல் அப்படியே உட்கொள்கிறீர்களே!”

“எந்தச் சுவை?”

“நகைச்சுவை! பெயரிலேயே இருக்கிறதே, மன்னா!”

இலக்கணச் சுத்தமாக எதைச் சொன்னாலும் அந்த அரசர் ஒத்துக்கொள்வார். அன்று முதல் பேச்சி ஒவ்வொரு நகைச்சுவையையும் முன்கூடத்தில் மந்திரிக்கும் புலவருக்கும் சொல்லிக் காட்ட வேண்டும் என்று ஆனது. அவர்கள் நாக்கைச் சப்புக் கொட்டுவார்கள். “இதில் காரம் தூக்கல்.” “இதில் உப்பைக் குறை.” உப்பும் காரமும் போன பிறகு அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? போதாக்குறைக்கு, நல்லதாக நாலு வந்தால் புலவர் முந்திக்கொண்டு அரசர் காதில் தன்னுடையதாகப் போட்டுவிடுவார். பேச்சி சபையில் வாயைத் திறந்தால் அரசர் கையமர்த்துவார். “தெரியும், தெரியும். காலையிலேயே புலவர் சொல்லிவிட்டார்.”

அரசரின் சாப்பாட்டை முதலில் தின்று பார்க்கும் வேலை வெயிலுமுத்துவுக்கு. இதைக் கேட்காதே என்று அவளிடம் முதலில் சொன்னவரும் அவர்தான்.

“தாயி, நான் இந்த வேலைக்கு வந்த நாள்ல இருந்து ஒரு தடவகூட விஷம் வந்ததில்ல. ஆனா ராசா ஒரு தடவகூடச் சூடாச் சாப்பிட்டதும் இல்ல. ஆறித்தான் போவும். ஒனக்கும் அப்படித்தான். ஆறுனதைப் போட்டுட்டுச் சம்பளத்தை வாங்கு. சோதிக்காமச் சொல்லுதேன்னு கேட்டா, ஒன் கையில விஷம் இருக்குன்னு ஆயிரும்.”

“என் கையில விஷம் இல்லண்ணே. தண்ணி இருக்கு.”

அது என்ன தண்ணீர் என்றால், அந்த அரசருக்கு ஒரு ஆசை. அரண்மனைக் குளத்தில் நிலா முழுசாகத் தெரிய வேண்டும். தண்ணீர் குறித்து வைத்த படி வரைக்கும் தளும்பி நின்றால்தான் மாடத்திலிருந்து பார்க்க நிலா முழுசாகத் தெரியும். ஒரு படி இறங்கினாலும் மண்டபத்து நிழல் அதில் பாதியைத் தின்றுவிடும். ஆகவே குளத்தின் மதகை அடைக்கச் சொன்னார். மதகுக்கு அந்தப் பக்கம்தான் கீழமடை. அரசர் நிலா பார்க்க ஆரம்பித்ததிலிருந்து அந்த ஊருக்கு நடவும் இல்லை, அறுப்பும் இல்லை. குடிக்கிற தண்ணீருக்கே ஊற்றுத் தோண்டிக் காத்துக் கிடந்தார்கள்.

ஊரார் முறையிட வந்தார்கள். மந்திரி வாசலோடு அனுப்பினார். பேச்சியின் அத்தை செம்பாயி ஒரு ராத்திரி குடத்தோடு குளத்தில் இறங்கினாள். காவல்காரன் பிடித்துக் குடத்தை உடைத்தான். “நம்ம புள்ளதான் அரமனையில பேசுதே, அது சொல்லாதா” என்று ஊர் பேச்சியை நம்பிக்கொண்டிருந்தது. படித்தவளை நம்புவதைத் தவிர அந்த ஊருக்கு வேறு போக்கு இருந்ததா?

அவளும் அதை ஒரு நகைச்சுவையாகக் கட்டினாள். அரசரிடம் போய்ச் சேரும் ஒரே வழி அதுதான். முன்கூடத்தில் சொன்ன ஒவ்வொரு தடவையும், “கசப்பு, கசப்பு” என்று இரண்டு பேரும் துப்பினார்கள். மாற்றிச் சொன்னாள், சுற்றிச் சொன்னாள். துப்பினார்கள். அதனால்தான் கேட்கக் கூடாததைக் கேட்டாள்.

அரசர் மந்திரியைப் பார்த்தார். மந்திரி இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார்.

“தாராளமாக அனுமதிக்கலாம், மன்னா. மடைப்பள்ளியில் இதற்கும் விதி உண்டு. சோதிக்காத உணவைப் பரிமாறுவதானால், முதல் கவளத்தைச் சமைத்தவரே உண்ண வேண்டும். ஆகையால் இவள் நகைச்சுவைக்கு இவளே முதலில் சிரிக்க வேண்டும். அதன் பிறகே சொல்லலாம்.”

புலவர் சந்தோஷத்தில் தொடையைத் தட்டிக்கொண்டார். சொல்கிறவள் முந்திச் சிரித்தால் கேட்கிறவனுக்குச் சிரிப்பு வராது என்பது சபையில் இருந்த புறாவுக்குக்கூடத் தெரியும்.

“மன்னர் சிரிக்காவிட்டால்?” என்றார் புலவர்.

“சமையல் நஞ்சானால் சமையல்காரரின் கை போகும். விகடம் நஞ்சானால்...” என்று மந்திரி தன் நாக்கைத் தொட்டுக் காட்டினார்.

அரசர் தாம்பூலத்தை மென்றுகொண்டே, “ஆகட்டும். பிறந்தநாள் விழாவில் குளக்கரை மண்டபத்தில் சொல்லட்டும். எல்லா ஊர்க்காரர்களும் வருவார்கள். நமக்கும் பொழுது போகும்” என்றார். ஒருத்தியின் நாக்கு அவருக்குப் பொழுதுபோக்கு.

விழா வந்தது. காலை வெயிலில் குளத்துப் படிக்கட்டு முழுக்க ஜனம். தண்ணீர் தளும்பி நின்றது. கீழமடைக்காரர்கள் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீருக்குப் பக்கத்தில், ஆனால் யாரும் கை வைக்கவில்லை. அவர்கள் நடுவில் செம்பாயி அத்தை. மண்டபத்தில் அரசர், இந்தப் பக்கம் மந்திரி, அந்தப் பக்கம் புலவர்.

பேச்சி நடுவில் வந்து நின்று கும்பிட்டாள்.

“முதலில் சிரி” என்றார் மந்திரி.

“ஹ” என்றாள் பேச்சி.

“என்ன இது?”

“சிரித்துவிட்டேன், மந்திரியாரே.”

“இது ஒரு சிரிப்பா?”

“விதி ஒரு கவளம்தானே? சோதிக்கிற சாக்கில் குண்டானையே காலி பண்ணுகிற பழக்கம் எனக்கு இல்லை. அது புலவருடைய பழக்கம்.”

புலவரின் தொந்தியைப் பார்த்துப் படிக்கட்டு சிரித்தது. அரசரின் மீசையும் அசைந்தது. முதல் பொறியிலிருந்து அப்படித் தப்பிவிட்டாள். பேச்சி மூச்சை இழுத்துவிட்டு, சபைத் தமிழைக் கழற்றி வைத்துவிட்டு, தன் ஊர்ப் பேச்சில் ஆரம்பித்தாள்.

“எங்க தெருவுல ஒரு பொம்பள. ராத்திரி குடத்தைத் தூக்கிட்டு இந்தக் குளத்துக்கு வந்தா. முக்கி எடுக்கா, காவக்காரன் வந்துட்டான். ‘ஏட்டி, தண்ணியா களவாங்குத?’ன்னு கேக்கான். ‘தண்ணியா? எனக்கு எதுக்குய்யா தண்ணி? நிலா அழகாக் கெடந்துச்சு, அதைக் கோரி எடுத்தேன். தண்ணி தானா ஒட்டிக்கிட்டு வந்துட்டு’ங்கா.”

அங்கங்கே சிரிப்புக் கேட்டது. பயந்த சிரிப்பு.

“காவக்காரன் புத்திசாலி. அரமனை உத்தியோகம்லா! ‘அது ராசாவோட நிலா, திருப்பி ஊத்து’ன்னான். ஊத்துனா. குடத்துக்குள்ள எட்டிப் பாத்தான். அடியில கொஞ்சம் தண்ணி, அதுலயும் நிலா. ‘இன்னும் இருக்கு, ஊத்து’ன்னான். ஊத்துனா. எட்டிப் பாத்தான். ஒரு சொட்டு, அதுலயும் நிலா. கடைசியில குடத்தையே ஒடச்ச பொறவுதான் அவனுக்கு நிம்மதி.”

சிரிப்பு குறைந்தது. பேச்சி நிறுத்தவில்லை.

“வெறுங்கையோட வீட்டுக்குப் போறா. வழியில அண்ணாந்து பாத்தா, நிலா மேலயே இருக்கு. ‘இந்தா இங்கேயே இருக்கே, ராசா எதுக்கு இதைக் குனிஞ்சு பாக்காரு?’ன்னு யோசிச்சா. அப்புறந்தான் வெளங்கிச்சு. ராசாவுக்கு மேல ஒண்ணு இருக்கப்படாதுல்லா? அதான் நிலாவையும் கீழ படுக்கப் போட்டுட்டாரு. நிலாவும் படுத்துட்டு. எங்க வயக்காடும் படுத்துட்டு.”

முடிந்தது. அவள் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

யாரும் சிரிக்கவில்லை.

ஒரு ஆள்கூட. படிக்கட்டு மொத்தமும் அரசரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழமடைக்காரர்களும் அரசரின் வாயைத்தான் பார்த்தார்கள். அவர்கள் கதை அது. அவர்கள் குடம் அது. தன் ஊராவது சிரிக்கும் என்று நினைத்து வந்தவளுக்கு அந்த அமைதி எப்படி இருந்திருக்கும்? கூட்டத்துக்கு முன்னால் நின்று, நல்லது என்று நம்பி ஒன்றைச் சொல்லி, பதிலுக்கு ஒரு இருமல்கூட வராமல் நின்றவர்களுக்குத் தெரியும். காது அடைத்துப் போகும். கை எங்கே இருக்கிறது என்று தெரியாது. நாக்கு மட்டும் தனியாகத் தெரியும். பேச்சிக்கு அன்று நாக்கு ரொம்பவே தெரிந்தது. புலவர் சிரிக்க ஆரம்பித்திருந்தார், அவள் சொன்னதற்கல்ல.

ஆனால் அந்த அமைதியில் இரண்டு காரியம் நடந்துகொண்டிருந்தது.

அரசர் குளத்தைப் பார்த்தார். பிறகு, ஏதோ மறந்ததைத் தேடுகிறவர் போல, மெல்ல அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பகல் வானத்தில் என்ன இருக்கும்? ஆனாலும் பார்த்தார். புருவம் சுருங்கியது. எதையோ கேட்கப்போகிற முகம் அது.

கடைசிப் படியில் செம்பாயி அத்தை எழுந்து நின்றாள். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வாயைத் திறந்தாள்.

பேச்சி இரண்டையும் பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

பார்த்துக்கொண்டே சிரித்துவிட்டாள்.

“மன்னிக்க வேண்டும், மன்னா! ஒரு கவளம் போதவில்லை. மந்திரியாரின் முகத்தைப் பாருங்கள், நிலாவை முழுங்கினவர் மாதிரியே இருக்கிறார்! எனக்கு இன்னொரு கவளம்!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குலுங்கிக் குலுங்கி, தரையில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். சிரிப்பு தொற்றிக்கொள்கிற வியாதி. அரசரின் மீசை துடித்தது. பிறகு தோள் ஆடியது. பிறகு வாய் விட்டுச் சிரித்துவிட்டார். அரசர் சிரித்ததும் மந்திரி சிரித்தார், புலவர் சிரித்தார், படிக்கட்டு முழுக்க அலை மாதிரி சிரிப்பு இறங்கிப்போய்க் கடைசிப் படியில் மோதியது. செம்பாயி அத்தை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பேச்சிக்கு இப்போது பிடி கிடைத்துவிட்டது. விடுவாளா?

“மன்னா, நான் சிரித்தது மந்திரியாரின் முகத்துக்கு. இவர்கள் இருவரும் எதற்குச் சிரித்தார்கள் என்று விசாரியுங்கள். இதே நகைச்சுவையைக் கசப்பு என்று துப்பியவர்கள்!”

“ஆமாம், புலவரே, எதற்குச் சிரித்தீர்?”

புலவர் தொண்டையைச் செருமினார். அரசர் சிரித்தார் என்பதற்காகச் சிரித்தேன் என்று சொல்ல முடியுமா?

“அது வந்து... ஆழ்ந்த சிலேடை, மன்னா. நிலா என்பதைப் பிரித்தால் நில், ஆ. ‘ஆ’ என்றால் பசு. அதாவது, நிற்கும் பசு. நிற்கும் பசுவைத் தாங்கள் படுக்கப் போட்டீர்கள் என்பதில் உள்ள முரணை எண்ணி எண்ணி நகைத்தேன்.”

“மந்திரி, நீர்?”

மந்திரிக்கு எதுவும் சரியாகக் கேட்டிருக்கவில்லை. புலவர் சொன்னதில் பசுவும் படுத்ததும் மட்டும் காதில் விழுந்திருந்தன.

“நானும் அந்தப் பசுவுக்காகத்தான், மன்னா. என்ன அழகாகப் படுத்தது!”

“எந்தப் பசு?”

“படுத்த பசு.”

“எங்கே படுத்தது?”

“குளத்தில், மன்னா.”

அரசர் கிரீடம் சரியச் சிரித்தார். சிங்காசனத்தின் கையை அடித்து அடித்துச் சிரித்தார். “குளத்தில் பசு படுத்ததாம்! இவர்களா என் நகைச்சுவையைச் சோதிக்கிறவர்கள்? போதும். இன்றுமுதல் பேச்சியின் நகைச்சுவையை யாரும் சுவைத்துப் பார்க்க வேண்டாம். சூடாகவே எனக்கு வரட்டும்.”

கூட்டம் ஆரவாரித்தது. புலவரும் மந்திரியும் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு சாண் குறைந்தார்கள். இந்த இடத்தில் கதை சொல்கிறவர்கள் எல்லாம் விகடகவியின் சாமர்த்தியத்தைப் புகழ்ந்துவிட்டுப் போய்விடுவார்கள். கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கும் சௌகரியம்தான்.

“கேள் பேச்சி, என்ன பரிசு வேண்டும்? எதுவானாலும் தருகிறேன்.”

பேச்சி இதற்குக் காத்திருந்தாள். மனசுக்குள் ஒரு நிம்மதி. சுற்றி வளைத்து எப்படியோ வந்து சேர்ந்துவிட்டோம், இனி நேராகக் கேட்டால் போதும்.

“மதகைத் திறந்துவிடுங்கள், மன்னா. கீழமடைக்குத் தண்ணீர் வேண்டும்.”

அரசர் ஒரு நொடி அவளைப் பார்த்தார்.

“எதற்கு? பசு குடிக்கவா?” என்றார்.

குளக்கரையே அதிர்ந்தது. மந்திரியும் புலவரும் இழந்த மானத்தை மீட்கிற வேகத்தில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்கள்.

“மன்னா, நான் விளையாடவில்லை. ஊரில் குடிக்கவே தண்ணீர் இல்லை.”

“விளையாடவில்லையாம்! முகத்தைப் பாருங்கள், எப்படி வைத்துக்கொள்கிறாள்!” அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என்னைக் கொன்றுவிடாதே பேச்சி, வயிறு வலிக்கிறது.” தன் கழுத்து முத்து மாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார். ‘நகைச்சுவை நாச்சியார்’ என்று பட்டமும் கொடுத்தார். எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல் வழங்கச் சொன்னார்.

அவள் இன்னொரு தடவை வாயைத் திறந்தாள். திறந்ததுமே முன்வரிசை சிரித்தது. மூடிக்கொண்டாள்.

பொங்கல் வாங்குகிற தள்ளுமுள்ளில் செம்பாயி அத்தை மேலே ஏறி வந்தாள். மாலையைப் பார்த்தாள். தொடவில்லை.

“நல்லாச் சிரிக்க வச்சுட்டட்டி” என்றாள்.

“அத்தை...”

“நான் எந்திரிச்சேன். பாத்தியா?”

“பாத்தேன்.”

“குடத்தைக் கொண்டு வந்தது நாந்தான்னு சொல்ல வந்தேன். ராசா அண்ணாந்து பாத்தாருல்லா? இப்பக் கேப்பாரு, கேட்டாச் சொல்லிரணும்னு எந்திரிச்சேன். அதுக்குள்ள நீ சிரிச்சுட்ட.”

“யாருமே சிரிக்கலையே அத்தை. நம்ம ஆளுககூடச் சிரிக்கல. எனக்குப் பயமாப் போச்சு.”

“அது சிரிக்கிற சங்கதியாட்டி?” செம்பாயி அவள் முகத்தைப் பார்த்தாள். “பயம் எனக்கும்தான் இருந்துச்சு.”

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பேச்சி ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் உண்டு. சிரிப்பு வரவில்லை என்றால் தோற்றுவிட்டோம் என்று நினைத்துப் பழகிய வாய் அவளுடையது. அன்று வந்த அமைதிதான் அவள் சொன்ன எல்லாவற்றிலும் நன்றாகப் போய்ச் சேர்ந்தது என்பது, அதைத் தன் கையாலேயே கலைத்த பிறகு தெரிந்தது. இன்னும் ஒரு மூச்சு நேரம். வாயை மூடிக்கொண்டு இன்னும் ஒரு மூச்சு நேரம் நின்றிருந்தால் போதும். நாக்கு போயிருக்குமோ என்னவோ. அரசர் கேட்டிருப்பாரோ என்னவோ. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. இதே நகைச்சுவையை நாளைக்குச் சொன்னால் பசு என்பார்கள். அழுதுகொண்டு சொன்னாலும் பசு என்பார்கள்.

மண்டபத்தில் அவளுக்குப் புது ஆசனம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அத்தை, மதகுப் பலகையத் தூக்க எத்தனை பேரு வேணும்?”

“முன்ன நாலு ஆம்பளைங்க தூக்குவாவ. இப்பப் பாசி புடிச்சு இறுகிக் கெடக்கும். ஊரே வந்தாத்தான் ஆவும்.” சொல்லிவிட்டுச் செம்பாயி அவளை உற்றுப் பார்த்தாள். “ஏட்டி, வெளையாடுதியா?”

“இல்ல.”

பேச்சி மாலையைக் கழற்றிப் புது ஆசனத்தின் மேல் வைத்தாள். சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு படியிறங்கினாள்.

“பேச்சி! எங்கே போகிறாய்?” அரசர் மண்டபத்திலிருந்து கூப்பிட்டார்.

அவள் நின்றாள். திரும்பி, அரசரை நேராகப் பார்த்து, மெதுவாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“மதகைத் திறக்க, மன்னா.”

அன்று அதுவரை அரசர் அப்படிச் சிரித்ததில்லை. புலவர் அவர் முதுகைத் தட்டிவிட வேண்டியிருந்தது. சிரிப்புக்கு நடுவே, “போகட்டும், போகட்டும், வழி விடுங்கள்” என்று கையை ஆட்டினார். காவல்காரர்கள் சிரித்துக்கொண்டே மதகுக்குப் போகிற கதவைத் திறந்தார்கள்.

கடைசிப் படியில் கீழமடைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. இந்தச் சிரிப்பு மதகுவரைக்கும்தான் தாங்கும், பலகை அசைந்ததும் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். அது நிற்பதற்குள் போய்ச் சேர வேண்டும். பேச்சி கதவைத் தாண்டி வேகமாக நடந்தாள்.